சோளச்சோறும் லூசினும்: ஒரு அமினோ அமிலத்தின் கதை

சின்னமனூர்ப் பக்கத்து ஓடைப்பட்டி என்றால் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது விதையில்லாத் திராட்சை. ஆனால் திராட்சைப் பந்தல் வருவதற்கு முன்னால் அந்த மேட்டு நிலத்தில் என்ன விளைந்தது? வானம் பார்த்த பூமியில் வேறென்ன விளையும்! சோளம், கம்பு, கேப்பை, மொச்சை. 1895ல் முல்லைப் பெரியாறு அணை திறந்த பிறகு கம்பம் பள்ளத்தாக்கின் வாய்க்கால் பாய்ந்த வயல்களில் நெல் செழித்தது. வாய்க்கால் எட்டாத மேட்டுக்காட்டு ஜனங்களுக்கு அரிசிச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாளெல்லாம் சோளச்சோறு, கம்மங்கூழ், கேப்பைக் களி.

இப்போது அதே ஊர்களில் இருந்து தேனிக்கும் மதுரைக்கும் படிக்கப் போகிற பையன்கள் ஜிம்முக்குப் போகிறார்கள். ஜிம்மில் ஒரு டப்பா இருக்கும். பி.சி.ஏ.ஏ. என்று பெரிதாக எழுதியிருக்கும், கீழே 2:1:1 என்று ஒரு கணக்கும் இருக்கும். அந்த 2 என்பது லூசின் என்ற அமினோ அமிலம். மீதி இரண்டு ஒன்றுகளும் ஐசோலூசினும் வேலினும்.

அந்தச் சோளச்சோற்றுக்கும் இந்த டப்பாவுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டிலும் இருப்பது லூசின். சோளத்தில் இருந்த லூசினை ஒரு கொடிய நோய்க்குக் காரணம் என்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார் ஒரு தமிழர். அந்த வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. அந்தக் கதைதான் இது.

முதலில் லூசின் யார் என்று பார்த்துவிடலாம். நாம் சாப்பிடுகிற புரதம் வயிற்றிலும் குடலிலும் உடைந்து அமினோ அமிலங்களாகிறது. உடல் புரதத்தைக் கட்டப் பயன்படுபவை 20 வகை. அதில் 9 வகையை உடம்பு தானாகத் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில் இருந்துதான் வரவேண்டும். லூசின் அந்த ஒன்பதில் ஒன்று. 1819 வாக்கில் புரூஸ்ட் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பாலாடைக் கட்டியில் இதைக் கண்டார். அடுத்த ஆண்டு பிராகோன்னோ என்பவர் தசையில் இருந்தும் கம்பளி ரோமத்தில் இருந்தும் பிரித்தெடுத்தார். வெள்ளை வெளேர் என்று படிகமாக இருந்ததால் கிரேக்க மொழியில் வெள்ளை என்று பொருள்படும் சொல்லை வைத்துப் பெயர் சூட்டினார்.

அமினோ அமிலங்களில் பெரும்பாலானவை முதலில் கல்லீரலில்தான் செரித்துக் கையாளப்படும். லூசின் கும்பல் அப்படி இல்லை. கல்லீரலைத் தாண்டிப் போய் தசையில்தான் முக்கியமாகச் செலவாகிறது. தசைக்காரர்களுக்கு லூசின் மேல் இவ்வளவு ஆசை வர முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. லூசின் வெறும் செங்கல் அல்ல, கட்டட வேலையை ஆரம்பிக்கச் சொல்லி விசில் ஊதுகிற மேஸ்திரியும் அதுதான். செல்லுக்குள் எம்டார் என்று ஒரு புரதம் இருக்கிறது. லூசின் வந்து சேர்ந்தது தெரிந்தால் அது முடுக்கிவிடப்பட்டு, புதுப் புரதம் கட்டும் வேலை தொடங்கும்.

இந்த எம்டார் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கிளைக்கதை உண்டு. 1964ல் பசிபிக் கடலில் உள்ள ஈஸ்டர் தீவுக்குப் போன கனடாக் குழு ஒன்று அங்கிருந்து மண் எடுத்து வந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிடம் இருந்து ராபமைசின் என்ற மருந்தைப் பிரித்தவர் சுரேந்திரநாத் சேகல் என்ற இந்திய விஞ்ஞானி. கம்பெனி அந்த ஆய்வைக் கைவிட்டபோது மாதிரியை அவர் வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார் என்று அவர் குடும்பத்தார் சொல்வதுண்டு. அந்த மருந்து உடம்பில் எதைப் போய்த் தடுக்கிறது என்று தேடியபோது 1994ல் கிடைத்ததுதான் எம்டார். சரி, நம் கதைக்கு வருவோம்.

பெல்லாக்ரா என்று ஒரு நோய். 1735ல் ஸ்பெயின் நாட்டில் கசால் என்ற வைத்தியர் ஏழைக் குடியானவர்களிடம் இதை முதலில் பார்த்து எழுதி வைத்தார். வெயில் படுகிற இடமெல்லாம் தோல் கறுத்து, வெடித்து, உரியும். கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போலத் தழும்பு விழும். பிறகு வயிற்றுப்போக்கு. அதன் பிறகு மனம் பேதலிக்கும். கவனிக்காமல் விட்டால் மரணம். இத்தாலியில் சொரசொரத்த தோல் என்ற பொருளில் பெல்லாக்ரா என்று பெயர் வைத்தார்கள். எங்கெல்லாம் ஏழைகள் மக்காச்சோளத்தை மட்டுமே தின்று உயிர் வாழ்ந்தார்களோ அங்கெல்லாம் இந்த நோய் வந்தது. ஆனால் மக்காச்சோளம் பிறந்த மெக்சிகோவில் அவ்வளவாக இல்லை. அவர்கள் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்துத் தின்றார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

இது தொற்றுநோய் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். அமெரிக்காவில் கோல்ட்பெர்கர் என்ற அரசாங்க டாக்டர் 1915ல் மிசிசிப்பி மாநிலச் சிறைப் பண்ணை ஒன்றில், விடுதலை தருவதாக வாக்களித்து, 11 கைதிகளுக்கு மாதக்கணக்கில் மக்காச்சோளம் சார்ந்த ஏழைச் சாப்பாட்டை மட்டும் கொடுத்தார். 6 பேருக்கு நோய் வந்தது. அப்படியும் சிலர் நம்பவில்லை. 1937ல் எல்வெயம் என்பவர், இதே போன்ற கருநாக்கு நோய் வந்த நாய்களை நியாசின் என்ற பி வகை விட்டமின் குணமாக்குகிறது என்று காட்டினார். 1945ல் இன்னொரு உண்மை தெரிந்தது. டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தில் இருந்து உடம்பே நியாசினைத் தயாரித்துக்கொள்ளும். சுமார் 60 மில்லிகிராம் டிரிப்டோஃபேனுக்கு 1 மில்லிகிராம் நியாசின். மக்காச்சோளத்தில் டிரிப்டோஃபேன் குறைவு, இருக்கிற நியாசினும் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. புதிர் விடுபட்டது என்று உலகம் நிம்மதியாக இருந்தது.

புதிரை மறுபடி கிளப்பியது தக்காணம்.

நீலகிரி குன்னூரில் 1918ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் ஒரு சின்ன அறையில் பெரிபெரி நோய் ஆராய்ச்சி தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம் ஆனது. (இந்த மெக்காரிசன்தான் இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாடுகளை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தவர். சீக்கியர் சாப்பாடு தின்ற எலி முதலிடம், மதராசிச் சாப்பாடு தின்ற எலி கடைசி இடம்! வருத்தமாகத்தான் இருக்கிறது.) 1958ல் அந்த ஆராய்ச்சிக் கூடம் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. 1969ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

குன்னூரிலேயே அங்கு சேர்ந்து, ஐதராபாத்தில் அதன் இயக்குநராக உயர்ந்தவர் சி. கோபாலன். 1918ல் சேலத்தில் பிறந்தவர். ஆய்வுக்கூடம் தொடங்கிய அதே ஆண்டு என்பது தற்செயல். சென்னையில் மருத்துவம் படித்து, லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கித் திரும்பினார். 2019 அக்டோபரில், 101வது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்னால் காலமானார். இந்திய ஊட்டச்சத்து அறிவியலின் தந்தை என்று சொல்லப்படுகிற இவரைப் பற்றித் தமிழ்நாட்டுப் பையன்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதை என்னவென்று சொல்வது!

ஐதராபாத் வட்டாரத்தில் ஏழைகளின் சாப்பாடு சோளம். மக்காச்சோளம் இல்லை, நம் ஊர் வெள்ளைச் சோளம். அங்கே மருத்துவமனைகளுக்குப் பெல்லாக்ரா நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள், பெரும்பாலும் கூலி விவசாயிகள். கை, கால், கழுத்தெல்லாம் தோல் உரிந்து வந்தார்கள். மனநல மருத்துவமனைகளிலும் இவர்கள் இருந்தார்கள். பைத்தியம் என்று கட்டிப்போடப்பட்டவருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு விட்டமின் என்றால் எப்படி இருக்கும்?

கோபாலனை உறுத்திய கேள்வி இதுதான். மக்காச்சோளத்தைப் போலச் சோளத்தில் டிரிப்டோஃபேன் அவ்வளவு குறைவில்லை. நியாசினும் தீட்டிய அரிசியில் இருப்பதைவிடக் குறைவில்லை. தஞ்சாவூரில் அரிசி தின்கிற கூலிக்காரருக்கு வராத பெல்லாக்ரா, தெலங்கானாவில் சோளம் தின்கிற கூலிக்காரருக்கு ஏன் வருகிறது? அப்படியானால் சோளத்திலும் மக்காச்சோளத்திலும் பொதுவாக இருந்து, அரிசியில் இல்லாதது எது?

லூசின்! அரிசிப் புரதத்தில் லூசின் 8 சதவீதம் அளவில்தான். சோளப் புரதத்தில் சுமார் 13 சதவீதம். மக்காச்சோளமும் கிட்டத்தட்ட அப்படியே.

1960ல் கோபாலனும் அவருடைய சக ஆய்வாளர் எஸ்.ஜி. ஸ்ரீகண்டையாவும் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். சாப்பாட்டில் லூசின் மிகுந்தால் டிரிப்டோஃபேன் நியாசினாக மாறி உடம்புக்குப் பயன்படுகிற பாதை கெட்டுப்போகிறது, பெல்லாக்ரா வருவது அதனால்தான் என்பது அவர்கள் வாதம். ஒரு சத்து குறைவதால் நோய் வரும் என்று மட்டுமே அதுவரை கேள்விப்பட்டிருந்தார்கள். ஒரு சத்து இன்னொன்றோடு பொருந்தாமல் கூடிப் போனாலும் நோய் வரும் என்பது அன்றைக்குப் புதிது.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஐதராபாத்தில் இதே வேலையாக இருந்தார்கள். பெலவாடியும் கோபாலனும் சோளம் சேர்ந்த உணவு கொடுத்து நாய்களுக்குக் கருநாக்கு நோயை வரவழைத்துக் காட்டினார்கள். ஐசோலூசினைச் சேர்த்துக் கொடுத்தால் லூசினின் தொல்லை அடங்குகிறது என்று கண்டார்கள். பி6 விட்டமினுக்கும் இதில் பங்கு உண்டு என்றார்கள். கமலா கிருஷ்ணசாமியும் கோபாலனும் 1971ல், பெல்லாக்ரா நோயாளிகளுக்கு ஐசோலூசின் கொடுத்தபோது தோலிலும் மூளை மின்பதிவிலும் தெரிந்த மாற்றத்தை எழுதினார்கள். டப்பாவில் லூசினோடு ஐசோலூசினும் ஏன் இருக்கிறது என்று கேட்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கலாம். அந்த டப்பாக்காரர்கள் ஐதராபாத்துக் கட்டுரையைப் படித்துச் சேர்த்தார்கள் என்று சொல்ல முடியாது, ஆனாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கவேண்டிய உறவுக்காரர்கள் என்பது உண்மை.

ஆனால் எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. 1963லேயே ட்ரஸ்வெல் முதலானவர்கள், லூசின் கொடுத்துப் பார்த்தோம், மனிதர்களிடம் நியாசின் கழிவில் அப்படி ஒன்றும் மாற்றம் இல்லை என்று எழுதினார்கள். ஜப்பானில் சோதித்தவர்களுக்கும் கிடைக்கவில்லை. 1978ல் கார்ப்பெண்டரும் கூட்டாளியும் கோழிக்குஞ்சுகளிலும் எலிகளிலும் பார்த்து, இல்லை என்றார்கள். இங்கிலாந்தில் பெண்டர் என்பவர் எலிகளில் ஓரளவு இருக்கிறது என்று 1983ல் சொன்னார். ஆக ஒரு ஆய்வகத்தில் தெரிந்தது இன்னொரு ஆய்வகத்தில் தெரியவில்லை. இன்றைய பாடநூல்கள் பலவும் லூசினை முதல் குற்றவாளி என்று சொல்வதில்லை. டிரிப்டோஃபேனும் நியாசினும் ஏற்கெனவே விளிம்பில் இருக்கிறவருக்கு லூசின் மிகுதி ஒரு தள்ளு தள்ளியிருக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கின்றன.

இது ஏதோ விஞ்ஞானிகளின் வாய்க்கால் தகராறு என்று ஒதுக்கிவிட முடியாது. யார் சொல்வது சரி என்பதைப் பொறுத்து அரசாங்கம் செய்ய வேண்டியதே மாறும். குற்றம் லூசின் மேல் என்றால் லூசின் குறைந்த சோள ரகத்தை வளர்த்துக் கொடுக்கலாம், அந்த யோசனையும் ஐதராபாத்தில் இருந்து வந்தது. குற்றம் நியாசின் குறைவு என்றால் மாத்திரை கொடுக்கலாம். குற்றம் வறுமை என்றால், ஒற்றைத் தானியத்தை மட்டுமே தின்ன வேண்டிய நிலையையே மாற்ற வேண்டும். கடைசியில் நடந்தது மூன்றாவது மாதிரி ஒன்று. ரேஷன் அரிசி வந்தது. ஆந்திராவில் 1983ல் என்.டி. ராமராவ் 2 ரூபாய் அரிசி கொடுத்தார். சோளம் சாப்பாட்டில் குறைந்தது, மற்றவை கொஞ்சம் கூடின, பெல்லாக்ரா அரிதாகிப்போனது. லூசின் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்பு வருவதற்குள் வழக்கே காலாவதி ஆகிவிட்டது!

அப்படியானால் ஓடைப்பட்டிப் பக்கம் சோளச்சோறு தின்றவர்கள்? சோளமே விஷம் என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. இந்தக் கதை முழுக்கச் சோளத்தை மட்டுமே, வேறு வழியின்றி, ஆண்டு முழுக்கத் தின்றவர்களைப் பற்றியது. சோளச்சோற்றுக்கு மொச்சைக் குழம்பு, கருவாடு, மோர் என்று ஏதாவது தொட்டுக்கொள்ளக் கிடைத்தால் கணக்கே வேறு. பருப்பும் மீனும் பாலும் சோளத்தில் குறைவாக இருக்கும் லைசினையும் டிரிப்டோஃபேனையும் கொண்டு வந்து சேர்த்துவிடும். இடையில் கம்பும் கேப்பையும் மாறி மாறி வந்தன. ஒரு கூடைச் சோளத்தைவிட ஒரு கைப்பிடி மொச்சை முக்கியமாக இருந்திருக்கும்.

இனி அந்த டப்பாவுக்கு வருவோம். வணிகவியல் படிக்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய இடம் இது.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு லூசின் எவ்வளவு வேண்டும்? 1985ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 14 மில்லிகிராம். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பத், அமெரிக்காவின் வெர்னான் யங் குழுவோடு சேர்ந்து இந்தியர்களிடமே அளந்து பார்த்து, இது ரொம்பக் குறைவு என்று காட்டினார். 40 மில்லிகிராம் வாக்கில் வேண்டும் என்றது அந்த ஆய்வு. 2007ல் உலக சுகாதார நிறுவனத்தின் புதிய அறிக்கை 39 என்றது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு! ஏழை நாடுகளின் சாப்பாடு போதும் என்று பழைய கணக்கை வைத்துச் சொல்லிவந்ததெல்லாம் இதனால் ஆட்டம் கண்டது.

60 கிலோ எடையுள்ள பையனுக்கு 39 வீதம் 2.3 கிராம் லூசின் தேவை. அவன் ஒரு நாளில் 300 கிராம் அரிசியைச் சோறாகவும் இட்லியாகவும் சாப்பிட்டால் சுமார் 1.7 கிராம் வந்துவிடும். துவரம்பருப்பு 50 கிராமில் முக்கால் கிராம். ஒரு முட்டையில் அரை கிராம். ஒரு டம்ளர் பாலில் அரை கிராமுக்கு மேல். கூட்டிப் பார்த்தால் மூன்றரை கிராம். எடை தூக்குகிறவனுக்குப் புரதம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்தான். அதற்கும் இன்னொரு முட்டையும் ஒரு கைப்பிடி நிலக்கடலையும் போதாதா?

5 கிராம் பி.சி.ஏ.ஏ. தூளில், 2:1:1 கணக்குப்படி லூசின் 2.5 கிராம். இங்கேதான் ஒரு வேடிக்கை. 1950களில் நாளுக்கு 400 கிராம் சோளம் தின்ற தெலங்கானாக் கூலிக்காரருக்குக் கிடைத்த லூசின் சுமார் 5 கிராம், அதாவது இரண்டு ஸ்கூப்! அவருக்கு அதனால் தசை முறுக்கேறவில்லை. ஏனென்றால் மேஸ்திரி எத்தனை முறை விசில் ஊதினாலும் செங்கலும் மணலும் வராமல் சுவர் எழும்பாது. ஒன்பது அமினோ அமிலங்களும் வர வேண்டும். 2017ல் ராபர்ட் வுல்ஃப் என்ற அமெரிக்க உடலியலாளர், மூன்றை மட்டும் தின்றால் மீதி ஆறும் உடம்பின் சொந்தத் தசையை உடைத்துத்தான் வரவேண்டும் என்று எழுதி, பி.சி.ஏ.ஏ. மட்டுமே தசையை வளர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார். அதே ஆண்டு வந்த இன்னொரு சோதனையில், உடற்பயிற்சிக்குப் பின் 5.6 கிராம் பி.சி.ஏ.ஏ. குடித்தவர்களிடம் தசைப் புரதம் கட்டும் வேகம் 22 சதவீதம் கூடியது. முழுப் பால்புரதம் குடித்தால் கூடுவதில் ஏறக்குறைய பாதிதான் அது.

அதற்காக லூசின் தூளைக் குடித்தால் பெல்லாக்ரா வரும் என்று பயமுறுத்துவதும் தவறு. கனடாவில் ராஜவேல் இளங்கோ முதலானோர் 2012ல் செய்த ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் ஒரு கிலோ எடைக்கு 500 மில்லிகிராம் வரை தாங்குகிறார்கள், அதற்கு மேல் ரத்தத்தில் அம்மோனியா ஏறுகிறது என்று கண்டார்கள். அந்த எல்லையைச் சாதாரணமாக யாரும் தொடுவதில்லை. பிறவியிலேயே லூசினைச் செரிக்கும் நொதி இல்லாத குழந்தைகளுக்கு மட்டும் இது உண்மையிலேயே விஷம். அவர்கள் சிறுநீர் கருகிய சர்க்கரைப்பாகு மாதிரி மணக்கும். 1954ல் மென்கஸ் இதை முதலில் விவரித்தார்.

பயப்பட வேண்டியது டப்பாவுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித்தான். 2024ல் கேரளத்துக் கல்லீரல் டாக்டர் சிரியக் ஆபி பிலிப்ஸ் குழுவினர் இந்தியாவில் விற்கிற 36 புரதத் தூள்களைச் சோதித்தார்கள். சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் பூச்சிமருந்து எச்சமும் இருந்தன.

அதே 2024 மே மாதம் இந்தியர்களுக்கான புதிய உணவு வழிகாட்டி வெளிவந்தது. உடம்பை ஏற்றுவதற்காகப் புரதத் தூள் வாங்கிச் சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொன்னது அது. தானியத்தோடு பருப்பைச் சேர்த்துச் சாப்பிட்டாலே நல்ல புரதம் கிடைக்கும் என்றும் சொன்னது. வெளியிட்டது யார் தெரியுமா? 1918ல் குன்னூரில் ஒரு சின்ன அறையில் தொடங்கி, கோபாலனும் ஸ்ரீகண்டையாவும் சோளத்தை வைத்து லூசின் மேல் வழக்குப் போட்ட அதே ஐதராபாத் நிறுவனம்தான்.